முகம் காணாத உடன்வேலையாட்கள்



உங்கள் வீட்டிலோ உங்கள் சபையிலோ மனிதவள மேலாளர் என்னும் பொறுப்பில் ஒரு மகனோ மகளோ இருக்கக்கூடும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாத ஊரடங்கில் பெங்களூரிலிருந்து மடிக்கணினியோடு சொந்த ஊருக்குத் திரும்பியவர்களில் சிலர், இன்றும் வீட்டிலிருந்தே அப்பொறுப்பை நிறைவேற்றுகிறார்கள். அறையின் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஆங்கிலத்தில் பேச்சுக் கேட்கிறது. பெற்றோருக்கு அது என்ன வேலையென்று விளங்குவதில்லை. "பிள்ளை கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறான்" என்பதோடு நின்றுவிடுகிறோம். ஆனால் அந்த அறைக்குள் மனிதருடைய பிழைப்பு நிறுக்கப்படுகிறது. ஆகவே அந்த வேலையை நாம் அறிந்துகொள்வது நலம்.

ஹனூர் கற்றுத்தரும் பாடம்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பாதையில் உள்ளது ஹனூர். கொள்ளேகால் பகுதி 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது மைசூருடன் இணைக்கப்பட்டது. 1997இல் மைசூரு மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் தனி மாவட்டமாயிற்று. ஜனங்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், எல்லைக்கோடுதான் நகர்ந்தது. கன்னடம் பேசுவோரும், மார்டள்ளி போன்ற ஊர்களின் தமிழ்க் கிறிஸ்தவர்களும், காட்டையே வீடாகக் கொண்ட சோலிகரும், ஒடையரபாளையாவில் குடியமர்த்தப்பட்ட திபெத்தியரும் அருகருகே வாழ்கிறார்கள்.

இப்படிப்பட்ட பூமியில் வளர்ந்த பிள்ளைக்குப் பல இனத்தாரோடு பழகுவது புதிதல்ல. வீட்டில் ஒரு மொழியும் கடைவீதியில் வேறொரு மொழியும் பேசி வளர்ந்தவன், தன் வழக்கமே உலக வழக்கம் என்று எண்ணமாட்டான். மனிதவள மேலாளருக்கு வேண்டிய முதல் தகுதி அதுவே.

வேலை கிராமத்திற்கு வருவதும் இன்று புதுமையல்ல. சோகோ நிறுவனம் 2011இலேயே தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. உலகத்தின் பணிகளைச் சிற்றூரிலிருந்தும் செய்யலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

கடிகாரத்திலும் நீதி உண்டு

ஆட்களைத் தெரிந்தெடுத்தல், சம்பளம், விடுப்பு, பயிற்சி, புகார் விசாரணை, பணிநீக்கம் ஆகிய இவை யாவும் இப்பொறுப்பில் அடங்கும். ஒரே குழுவில் மணிலாவில் ஒருவரும், துபாயில் ஒருவரும், பெர்லினில் ஒருவரும், நியூயார்க்கில் ஒருவரும் இருப்பார்களானால், முதல் சிக்கல் நேரத்தினால் வரும். நியூயார்க்கில் கோடைக்கால நண்பகல் நமக்கு இரவு 9.30 மணி. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது, அதே நண்பகல் நமக்கு 10.30 ஆகிவிடும். ஐரோப்பாவோ அக்டோபர் கடைசி ஞாயிறன்றே மாற்றிக்கொள்கிறது. இதைக் கவனியாத மேலாளர், யாரோ ஒருவருடைய நித்திரையை எப்போதும் பறித்துக்கொண்டிருப்பார். கூட்டத்தின் நேரத்தை முறைவைத்து மாற்றி, சிரமத்தை எல்லாரும் பகிர்ந்து சுமக்கச் செய்வதே நியாயம்.

பண்டிகையும் ஓய்வுநாளும் அப்படியே. சவூதி அரேபியாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு அமீரகத்தின் அரசு அலுவலகங்கள் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறின. பிலிப்பைன்ஸில் 1975ஆம் ஆண்டின் ஆணைப்படி பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை டிசம்பர் 24ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். அங்குள்ள தொழிலாளிக்கு அது சலுகையல்ல, உரிமை. நம்முடைய ஞாயிறு ஆராதனைக்கு இடையூறு வரலாகாது என்று நாம் விரும்புகிறோம் அல்லவா? அப்படியே பிறருடைய பரிசுத்த நாளுக்கும் இடங்கொடுக்க வேண்டும்.

பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். நம்மில் அநேகருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தே உண்டு. வெளிநாட்டு விண்ணப்பப் படிவமோ குடும்பப்பெயரின்றி நகர மறுக்கும். அதனால் மகள் தன் தகப்பனுடைய பெயரால் அழைக்கப்படுகிறாள். "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று முதல் நாளிலேயே கேட்கும் மேலாளர், ஒரு சிறு அவமானத்தைத் துடைத்துவிடுகிறார். பவுல் அப்போஸ்தலன் தான் அதுவரை போய்ச் சேராத ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் முடிவில், இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். தூரத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் பெயர் நினைவுகூரப்படுவது எவ்வளவு ஆறுதல்!

மௌனத்தின் பொருளும் தேசத்திற்குத் தேசம் வேறுபடும். பெர்லினில் உள்ளவர் "இது தவறு" என்று நேரடியாகச் சொன்னால், அதில் பகை இராது. நம் பிள்ளைகள் மேலதிகாரியின் முன் "சரி" என்று சொன்னால், அது சம்மதமாக இராமல் மரியாதையாக மட்டும் இருக்கலாம். ஆகையால் கூட்டத்தில் கேட்ட கேள்வியைத் தனியாக எழுத்திலும் கேட்பது ஞானம்.

எருசலேமில் எழுந்த முறுமுறுப்பு

நாம் பெந்தெகொஸ்தே ஜனங்கள். நம் ஆரம்பமே பல பாஷைக்காரர் கூடிய ஒரு மேலறை நாளில் இருக்கிறது. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில், அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகனான வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களில், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து முழங்காற்படியிட்டார்கள். அக்காலத்து அமெரிக்காவில் அது அரிய காட்சி.

ஆயினும் ஆவியினால் நிறைந்த சபையிலும் புகார் எழுந்தது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிரேக்க பாஷை பேசிய விதவைகள் அன்றாடப் பந்தி விசாரணையில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? "இங்கே பாகுபாடே இல்லை" என்று மறுக்கவில்லை. முறையிட்டவர்களைக் கலகக்காரர் என்று ஒதுக்கவுமில்லை. சபையாரையே கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களை வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. யாவும் கிரேக்கப் பெயர்கள்! எந்தத் தரப்பின் கண்ணீருக்குக் காரணம் உண்டாயிற்றோ, அந்தத் தரப்பின் பெயர்களைத் தாங்கியவர்களிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அடுத்த சில வசனங்களிலேயே சபை பெருகிற்று என்று வாசிக்கிறோம். இதைவிடச் சிறந்த மனிதவளப் பாடம் உண்டோ?

இரகசியமும் சாட்சியும்

இங்கே விசுவாசியான மேலாளருக்கு மூன்று சோதனைகள் வரும். மறைக்காமல் எழுதுகிறோம்.

முதலாவது, ஜெபக்குறிப்பு. ஒருவருடைய வியாதி, விவாகரத்து, கடன், புகார் எல்லாம் மேலாளருக்குத் தெரியவரும். பாரத்தினால் அதை வீட்டுக் கூட்டத்தில் பெயரோடு சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், முறையிட்ட பெண்ணின் அடையாளத்தை வெளிப்படுத்தக்கூடாதென்று கட்டளையிடுகிறது. தனிப்பட்ட விவரங்களைக் காக்க 2023இலும் ஒரு சட்டம் நிறைவேறியது. பெயரைக் கர்த்தர் அறிவார். அறைவீட்டுக்குள் கதவைப் பூட்டி ஜெபிப்பதே போதும்.

இரண்டாவது, சிபாரிசு. "நம் சபைப் பிள்ளை, எப்படியாவது ஒரு வேலை" என்று மூப்பரும் உறவினரும் கேட்பார்கள். காலியிடம் இருப்பதை அறிவிக்கலாம். விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் தகுதியுள்ள அந்நியனைத் தள்ளி நம்மவரை அமர்த்துவது, யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கும் பட்சபாதமே.

மூன்றாவது, சுவிசேஷம். தன் வேலை யாருடைய கையெழுத்தில் இருக்கிறதோ, அவர் ஆராதனைக்கு அழைத்தால், இல்லையென்று சொல்லும் சுயாதீனம் ஒருவருக்கு இருக்குமா? பதவியின் நிழலில் வரும் சம்மதம் விசுவாசமாகாது. நியாயமான சம்பளமும், காலந்தவறாத பதிலும், பொய்யில்லாத நாவும் முதலில் பேசட்டும். அதைக் கண்டு அவர்களாகவே கேட்டால், அப்போது சாந்தத்தோடு உத்தரவு சொல்லலாம்.

தீங்குநாளில் என்ன செய்வது?

இப்பொறுப்பின் மிகக் கடினமான மணிநேரம் ஒன்று உண்டு. 2021 டிசம்பர் 1ஆம் தேதி, பெட்டர் டாட் காம் என்னும் அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனம், சில நிமிடக் காணொளி அழைப்பு ஒன்றிலேயே ஏறக்குறைய 900 பேரைப் பணியிலிருந்து நீக்கியது. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரமே இருந்தது. அதன் தலைவர் பின்னர் மன்னிப்புக் கோரினார். ஆட்குறைப்பு சில வேளைகளில் தவிர்க்க முடியாததாயிருக்கலாம். அதை அறிவிக்கும் விதமோ நம் கையில் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுவது, காரணத்தை மறைக்காமல் சொல்வது, சேரவேண்டிய தொகையையும் தேதியையும் எழுத்தில் கொடுப்பது, அவர் அழுது முடிக்கும் வரை அழைப்பைத் துண்டியாதிருப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை.

வியாதிப்பட்டவரை நடத்துவதற்குப் பிலிப்பியர் 2ஆம் அதிகாரம் போதும். எப்பாப்பிரோதீத்து மரணத்திற்குச் சமீபமாய் வியாதிப்பட்டார். அந்தச் செய்தி ஊருக்கு எட்டிவிட்டதே என்று அவர் வியாகுலப்பட்டார். சிறையிலிருந்த பவுலுக்கு அவருடைய உதவி தேவையாயிருந்தும், அவரை வீட்டிற்கு அனுப்பிவிடுகிறார். அதுவும் வேலையை முடியாமல் விட்டவர் என்ற பழியோடல்ல, கனத்தோடு ஏற்றுக்கொள்ளும்படி எழுதி அனுப்புகிறார். விடுப்புக் கேட்டு வருகிறவரை நாம் அப்படி அனுப்புகிறோமா? நம் தேசத்தில் பேறுகால விடுப்பு 2017இல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டது. வேலை இடங்கொடுத்தால் அதன்பின் வீட்டிலிருந்து பணிசெய்ய உடன்படலாம் என்ற ஏற்பாடும் அப்போதே சேர்ந்தது. சட்டம் கொடுத்ததை முகச்சுளிப்போடு கொடுப்பவர், பாதியைப் பிடுங்கிக்கொள்கிறவரே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அன்பான தகப்பனே, தாயே, கதவு சாத்திய அறையில் இருக்கும் உங்கள் பிள்ளை, பலருடைய பாரத்தைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறான். ஆனால் அதை உங்களிடம் சொல்லவும் முடியாது. "யார், என்ன?" என்று துருவாதிருங்கள். இரவுக் கூட்டத்தினால் குடும்ப ஜெபம் தடைப்பட்டால், அதை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது கணினி முழுவதும் மூடியிருக்கட்டும். யாத்திராகமம் 18இல் மோசேயின் மாமன் எத்திரோ கண்டதும் அதுவே: காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் விசாரிப்பவன் தானும் இளைத்துப்போவான், ஜனங்களும் இளைத்துப்போவார்கள்.

இன்று இரவு குடும்பமாய் முழங்காற்படியிடும்போது, மணிலாவிலும் பெர்லினிலும் உங்கள் பிள்ளையின் நேர்மையை நம்பியிருக்கும் பெயர் தெரியாத அந்த உடன்வேலையாட்களுக்காகவும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் கர்த்தர் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார். ஆமென்.