அறிவுக்கு வேலி – 9: முதலில் ஸ்டே, அப்புறம்தான் கேஸ்

வரப்புத் தகராறில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் காவிரிக்கரைக்காரர்கள். லால்குடியிலோ முசிறியிலோ ஒருவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார் என்றால், கேஸ் எப்போது முடியும் என்று யாரும் கேட்பதில்லை. “ஸ்டே வாங்கியாச்சா?” என்றுதான் கேட்பார்கள். வழக்கு மகன் காலத்தில் முடியலாம், பேரன் காலத்திலும் முடியலாம். அதுவரை வயலில் யார் இறங்குவது என்பதை அந்த ஒரு தாள் தீர்மானித்துவிடும்.

கோடிக்கணக்கில் பணம் புரளும் காப்புரிமை வழக்குகள் வேறு ரகம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அங்கேயும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், வயல் ஓடிப்போகாது. காப்புரிமைக்கு ஆயுள் 20 வருஷம்தான்.

முதலில் மோட்டார் பைக். திருச்சி டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் ஒரு பட்டறையில் பழைய பல்சர் ஒன்றின் இன்ஜின் தலையைக் காட்டச் சொன்னேன். ஒரு பக்கத்து ஸ்பார்க் பிளக் சாதாரண ஸ்பானருக்கே வந்துவிட்டது. இன்னொன்று உள்ளே ஒரு குழாய்க்குள் ஆழமாக உட்கார்ந்திருந்தது. அதற்கென்று நீள சாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார் மெக்கானிக். வெளியே வந்த பிளக்கின் நுனியில் கரி. “ரெண்டு பிளக்குன்னா ரெண்டு மடங்கு வேலை சார், கூலி மட்டும் ஒண்ணுதான் தர்றாங்க” என்றார்.

ஒரே சிலிண்டர், அதில் இரண்டு பிளக். பெட்ரோல் கலவை சீக்கிரமும் முழுசாகவும் எரியும், மைலேஜ் கூடும். பஜாஜ் நிறுவனம் இதற்கு 2002 ஜூலை 16-ல் விண்ணப்பித்து, 2005 ஜூலையில் 195904 என்ற எண்ணில் காப்புரிமை வாங்கியது. 2007-ல் டி.வி.எஸ். ‘ஃப்ளேம்’ என்ற 125 சிசி பைக்கை அறிவித்தபோது அதிலும் இரண்டு பிளக். ஆனால் வால்வு மூன்று. பஜாஜ் இன்ஜினில் வால்வு இரண்டுதான். எங்கள் இன்ஜின் ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்திடமிருந்து வந்த நுட்பம், வேறு ஜாதி என்றது டி.வி.எஸ். வால்வு எத்தனை இருந்தால் என்ன, இரண்டு பிளக் எங்களுடையது என்றது பஜாஜ். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு தரப்பும் வழக்குப் போட்டன.

2008 பிப்ரவரி 16-ல் தனி நீதிபதி பஜாஜுக்குச் சாதகமாக இடைக்காலத் தடை விதித்தார். ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒற்றைப் பிளக் வண்டியாக ஃப்ளேம் கடைக்கு வந்தது. அந்த வண்டியின் பேச்சே இரட்டைப் பிளக்கும் மூன்று வால்வும்தான். அதில் பாதி போன பிறகு ஷோரூம்காரர் எதைச் சொல்லி விற்பார்? 2009 மே 18-ல் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. இரண்டு வெயில்காலம் போயிருந்தது. புது மாடல் பைக்குக்கு அது சின்னக் காலம் இல்லை.

பஜாஜ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2009 செப்டம்பர் 16-ல் வந்த உத்தரவு இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். காப்புரிமை வழக்குகள் வருஷக்கணக்கில் கிடக்கின்றன, கட்சிக்காரர்கள் அடித்துக்கொள்வதெல்லாம் தற்காலிகத் தடையைப் பற்றித்தான், இது நல்லதற்கல்ல என்று நீதிபதிகளே எழுதினார்கள். ஃப்ளேமை விற்றுக்கொள்ளலாம், கணக்கு மட்டும் ஒழுங்காக வைக்க வேண்டும் என்றார்கள். விசாரணையை அக்டோபர் 5-ல் தொடங்கி, தினமும் நடத்தி, நவம்பர் 30-க்குள் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள்.

2009 நவம்பர் 30 வந்தது, போனது. பத்து வருஷம் கழித்து, 2019 அக்டோபரில், இரண்டு நிறுவனங்களும் சமாதானமாகப் போனதாக அறிவித்தன. அதற்குள் ஃப்ளேம் சந்தையிலேயே இல்லை. மூன்று வால்வு இருந்தால் அது வேறு இன்ஜினா என்ற மூலக் கேள்விக்கு முழு விசாரணை நடத்தி எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை.

ஃப்ளேமுக்குத் தடை வந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். 2008 மார்ச் 19-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நேர் எதிரான ஒன்று நடந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கான எர்லோடினிப் மருந்து. ரோஷ் நிறுவனத்தின் மாத்திரை ஒன்று சுமார் 4,800 ரூபாய், சிப்லாவின் மாத்திரை 1,600. காப்புரிமை ரோஷ் கையில் இருந்தது. ஆனாலும் நீதிபதி ரவீந்திர பட் தடை கொடுக்க மறுத்தார். இடைக்காலத் தடைக்கு வழக்கமாக மூன்று விஷயம் பார்ப்பார்கள்: மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கில் வலு இருக்கிறதா, தடையால் யாருக்குக் கஷ்டம் அதிகம், பின்னால் பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டம் ஏதும் உண்டா. அவர் இந்தத் தராசில் நோயாளியையும் ஏற்றி வைத்தார். கம்பெனியின் நஷ்டத்தைப் பின்னால் பணமாகக் கொடுத்துவிடலாம், மருந்து கிடைக்காமல் போன ஆளுக்கு எதைக் கொடுப்பது? 2009 ஏப்ரலில் டிவிஷன் பெஞ்சும் அதையே உறுதி செய்தது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். மூல வழக்கு நடந்து, மேல்முறையீடும் நடந்து, 2015 நவம்பர் 27-ல் தீர்ப்பு வந்தது. சிப்லா செய்தது காப்புரிமை மீறல்தான்! ஜெயித்தது ரோஷ். ஆனால் காப்புரிமை 2016 மார்ச்சில் காலாவதி. மிச்சம் நாலு மாதம்கூட இல்லை, இனிமேல் தடை எதற்கு என்று நீதிமன்றம் தடையைத் தரவில்லை. தடை வாங்கிய பஜாஜ் வழக்கின் முடிவுவரை போகவே வேண்டியிருக்கவில்லை. வாங்காத ரோஷ் முடிவுவரை போய் ஜெயித்தும் ஏழரை வருஷ விற்பனை திரும்பி வரவில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால், எல்லோருக்கும் தெரிந்த நோவார்ட்டிஸ் வழக்கும் வேறு மாதிரி தெரிகிறது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக். அதன் பீட்டா படிக வடிவத்துக்காக 1998-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டார்கள். அப்போது நம் நாட்டில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது. ஆகவே விண்ணப்பம் பெட்டிக்குள் காத்திருந்தது. காத்திருக்கும் காலத்துக்கு ஆறுதலாகத் தனி விற்பனை உரிமை என்று ஒன்று சட்டத்தில் இருந்தது. அது 2003 நவம்பரில் கிடைத்தது. காப்புரிமை தருவதா வேண்டாமா என்று யாரும் பரிசோதிக்கும் முன்பே, அந்த உரிமையைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மலிவு மருந்துக் கம்பெனிகள் சிலவற்றுக்கு எதிராகத் தடையும் வாங்கினார்கள். கிளிவெக் மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். தடைபட்ட மருந்துகள் எட்டாயிரம், பத்தாயிரம். நிறுவனம் பலருக்கு இலவசமாகவும் கொடுத்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் யாருக்கு இலவசம், எத்தனை நாளைக்கு என்பது கொடுக்கிறவர் கையில் இருந்தது.

2006 ஜனவரி 25-ல் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. தெரிந்த மருந்துக்குப் புது வடிவம் கொடுத்தால் போதாது, பலனும் கூட வேண்டும் என்ற 3(டி) பிரிவு அதற்கு முந்தைய வருஷம்தான் சட்டத்தில் ஏறியிருந்தது. தனி விற்பனை உரிமை அன்றோடு முடிந்தது. உலகம் கொண்டாடியது 2013 ஏப்ரல் 1-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை. அதில் சட்ட ஆழம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாதாமாதம் மாத்திரை வாங்குகிற குடும்பத்துக்கு 2006 ஜனவரிதான் பெரிய நாள். தீர்ப்பு வந்தபோது மலிவு மருந்து ஏழு வருஷமாகக் கடையில் இருந்தது.

செல்போனில் வேகம் இன்னும் அதிகம். 2014 டிசம்பர் 8-ல் எரிக்சன் கேட்டதும், ஷியோமி தரப்பைக் கேட்காமலேயே டெல்லி உயர் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை போட்டது. எட்டு நாள் கழித்து குவால்காம் சிப் உள்ள போன்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்துகிற ஸ்ரீரங்கத்து வாசகர் ஒருவர் கேட்டார்: “ஏதோ பெரிய கம்பெனி எனக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டால் நான் என்ன சார் பண்றது?” முதலில், நோட்டீஸில் காப்புரிமை எண்ணைப் பார்த்ததும் பதறக் கூடாது. அலுவலகம் கொடுத்துவிட்டதாலேயே அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை, சட்டத்தின் 13(4) பிரிவே அப்படிச் சொல்கிறது. வழக்கு திருச்சி மாவட்ட நீதிமன்றத்திலேயே வரலாம். அந்தக் காப்புரிமையை ரத்து செய்யுங்கள் என்று நீங்கள் எதிர்மனு போட்ட நிமிஷம் கட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். உங்கள் தயாரிப்பு அவர்கள் காப்புரிமைக்குள் வரவில்லை என்று நம்பிக்கை இருந்தால், முழு விவரத்தோடு எழுதிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் 105-வது பிரிவில் நீங்களே முந்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

அதற்கெல்லாம் முன்னால், நோட்டீஸ் வந்த வாரத்திலேயே ஒரு கேவியட் மனு. உங்களைக் கேட்காமல் தடை கொடுக்காமல் இருக்க அதுதான் வழி. வரப்புக் கேஸுக்குப் போடுகிற, சிவில் நடைமுறைச் சட்டத்தின் அதே 148-ஏ பிரிவுதான். எந்தக் கோர்ட்டில் வழக்கு வரலாம் என்று தோன்றுகிறதோ அங்கெல்லாம் போட வேண்டும். 90 நாளில் காலாவதியாகிவிடும், மறுபடி போட வேண்டும்.

(தொடரும்)