துருவத்து மண்ணில் டில்லியின் பெயர்

சென்ற பொங்கல் விடுமுறைக்கு நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது என் தந்தையார் மருத்துவமனையில் இருந்தார். சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கி, காய்ச்சல் விடாமல் அடித்துக் கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சோதனைச் சாலையிலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் இடப்பக்கம் மருந்துகளின் பெயர்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றிருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி பணியும். ‘ஆர்’ என்றிருந்தால் பணியாது. மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ‘எஸ்’ இரண்டே இடங்களில் இருந்தது.

அடுத்து ஒரு சோதனையும் செய்து பார்த்த டாக்டர் என்னை அழைத்து, “தம்பி, நீங்க டில்லியிலேதானே படிக்கிறீங்க? இந்தக் கிருமி கையிலே வெச்சிருக்கிற ஆயுதத்துக்கு உங்க ஊர்ப் பேருதான்” என்றார்.

அவர் குறிப்பிட்டது என்.டி.எம்.-1 என்னும் என்சைம். ‘நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்’ என்பது அதன் முழுப் பெயர். பென்சிலின் குடும்பத்து மருந்துகள் மட்டுமல்ல, வேறெதுவும் பயன்படாதபோது கொடுக்கப்படும் கார்பபெனம் மருந்துகளையும் அது வெட்டிச் சிதைத்துவிடும். இந்தியாவில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடனுக்குத் திரும்பிய ஒருவரிடம் 2008ஆம் ஆண்டில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது. பெயர் வைத்த விதம் இங்குப் பலருக்குக் கோபம் மூட்டியது. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் நான் எழுத வந்தது அதைப்பற்றியன்று.

விடுமுறை முடிந்து திரும்பியதும் நூல்நிலையத்தில் இந்த என்சைமைப் பற்றித் தேடினேன். நான் தாவரவியல் மாணவன், மருத்துவம் அறிந்தவனல்லன். தேடிய இடத்தில் கிடைத்த செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. இந்த என்சைமை உண்டாக்கும் மரபணு, வடதுருவத்திற்கு அருகே, நார்வே நாட்டைச் சேர்ந்த ஸ்வால்பார்டு தீவுகளின் மண்ணில் கிடைத்திருக்கிறது! மருத்துவமனை எங்கே, மனித நடமாட்டம் அரிதான அந்தப் பனிநிலம் எங்கே?

அந்த மண்ணுக்குப் போகுமுன் கானடாவின் வடமேற்குக் கோடியிலுள்ள யூக்கான் பகுதிக்கு ஒருமுறை போய் வரவேண்டும். அங்கே டாசன் நகருக்கு அருகில் நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த மண்ணைத் துளையிட்டு எடுத்து, மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரார்டு ரைட், ஹெண்ட்ரிக் பாய்னர் முதலியோர் ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். துளையிடும்போது இக்காலத்துக் கிருமி உள்ளே புகுந்துவிட்டால் ஆராய்ச்சியே பாழாகிவிடுமன்றோ? அதற்கு அவர்கள் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒளிரும் தன்மையுள்ள புரதத்தின் மரபணுவைத் தாங்கிய பாக்டீரியாவை வேண்டுமென்றே மண் உருளையின் வெளிப்புறத்தில் பூசினார்கள். அந்த மரபணு உள்பகுதியில் தென்படாவிட்டால், வெளி அழுக்கு உள்ளே போகவில்லை என்று பொருள். திருடன் வந்தானா என்று பார்க்க வாசலில் மாவு தூவி வைப்பதைப் போன்றது இது.

உள்ளே இருந்தவை என்ன? மாமத யானையின் மரபணுத் துணுக்குகள் இருந்தன. அக்காலத்தில் விளைந்த செடி கொடிகளின் துணுக்குகள் இருந்தன. அவற்றோடு பென்சிலின் குடும்பம், டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்களும் இருந்தன. வான்கோமைசின் மருந்தாக வந்தது 1958இல். அதை எதிர்க்கும் கிருமிகள் மருத்துவமனைகளில் தலைகாட்டியது 1980களின் பிற்பகுதியில். ஆனால் அந்த எதிர்ப்பு யானை மேய்ந்த காலத்திலேயே மண்ணில் இருந்திருக்கிறது. பழைய மரபணுவைக் கொண்டு அதன் புரதத்தை மீண்டும் உருவாக்கிப் பார்த்தபோது, அது இன்றைய புரதத்தைப் போன்றே இருந்தது. அதே வேலையைச் செய்யவும் செய்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. நாம் மருந்து என்று அழைக்கும் பொருள்களிற் பல மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தமக்காகச் செய்துகொண்டவை. ஸ்ட்ரெப்டோமைசினை 1943இல் மண்ணின் பாக்டீரியாவிலிருந்துதானே பிரித்தெடுத்தார்கள்? நஞ்சு செய்பவன் அந்த நஞ்சில் தானே சாகாமலிருக்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும். வான்கோமைசினையே எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது பயன்படுத்தும் கல்லின் ஒரு முனையை அது கெட்டியாகப் பற்றிக்கொண்டு கட்டுமானத்தை நிறுத்திவிடும். எதிர்ப்புள்ள பாக்டீரியாவோ அந்த முனையைச் சிறிதே மாற்றி வைத்துவிடுகிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை, சுவர் எழும்பிவிடுகிறது. பென்சிலின் பரவலாக வழக்கத்துக்கு வருமுன்னரே, 1940இல், ஆபிரகாம், செயின் என்னும் இருவர் அதை அழிக்கும் என்சைமைப் பாக்டீரியாவில் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே உறைபனி நிலத்தில் எதிர்ப்பு மரபணு கிடைத்ததென்று கேட்டவுடன் பதறவேண்டியதில்லை. அது அங்கேயே பிறந்ததாக இருக்கலாம். பனி உருகினால் பண்டைக் கிருமிகள் புறப்பட்டு வந்து நம்மை மாய்த்துவிடும் என்று பத்திரிகைகள் அவ்வப்போது எழுதுகின்றன. எனக்கு அதில் அவ்வளவு அச்சம் இல்லை. எனக்குக் கவலையளிப்பது எதிர்த்திசையில் நடக்கும் போக்குவரத்து.

இனி ஸ்வால்பார்டுக்கு வருவோம். காங்ஸ்ஃபியோர்டன் என்னும் கடற்கழியின் கரையில், 79ஆம் பாகை வட அட்சத்துக்கு அருகே, 2013இல் எட்டு இடங்களிலிருந்து 40 மண் உருளைகளை எடுத்தார்கள். (நம் நாட்டின் ‘ஹிமாத்ரி’ ஆராய்ச்சி நிலையம் 2008 முதல் அதே கடற்கழியின் கரையில்தான் இருக்கிறது.) நியூகாசில் பல்கலைக்கழகத்து டேவிட் கிரஹாம் குழுவினர் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி அந்த மண்ணில் 131 வகை எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை மேற்சொன்ன பழங்குடியைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ஆனால் டில்லியின் பெயர் தாங்கியது அப்படியன்று. மருத்துவ உலகம் அதை முதலில் கண்ட ஆண்டுக்கும், அந்த மண்ணைத் தோண்டிய ஆண்டுக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள்! பறவைகளும் விலங்குகளும் மனிதரும் தங்கள் குடலில் சுமந்து சென்று எச்சத்தின் வழியே இட்டிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. எச்சத்தால் உரமேறிய இடங்களில் எதிர்ப்பு மரபணுக்கள் மிகுதியாகவும், ஒதுக்கமான வறண்ட இடங்களில் குறைவாகவும் இருந்தன.

புறப்பட்ட இடத்தில் அது எப்படி வாழ்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளிவந்த ஆராய்ச்சியில் நம் நகரத்துக் குழாய் நீர் 50 மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51இலும் அந்த மரபணு இருந்தது. அது பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் அமர்ந்து ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறோர் இனத்துப் பாக்டீரியாவுக்குத் தாவக்கூடியது. 30 பாகை வெப்பத்தில் அந்தத் தாவல் மிகச் சுறுசுறுப்பாக நடந்ததாம். விடுதியின் மேல்மாடியில் வேனிற்காலத்தைக் கழித்த நமக்கு 30 பாகையைப் பற்றி யாரும் சொல்லவேண்டியதில்லை. துருவத்துக் குளிரில் எல்லாம் மெல்ல நடக்கும். இங்கேயோ ஆண்டில் பெரும்பகுதி அதற்குத் திருவிழா.

டில்லியை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 2010இல் இந்த என்சைமின் பரவலை உலகுக்கு எடுத்துக்காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து கிடைத்த கிருமிகள் 44. ஹரியானாவிலிருந்து கிடைத்தவை 26.

இந்த மரபணுவைத் தாங்கிய பாக்டீரியா, நோய் எதுவும் செய்யாமல் நலமுள்ள மனிதனின் குடலிலும் குடியிருக்க முடியும். அவன் உண்பான், உறங்குவான், ரயிலேறுவான். தான் எதைச் சுமக்கிறோம் என்று அறியான். கடலைத் தாண்டும் பறவைக்கும், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு படுத்துச் செல்லும் நமக்கும் இந்த வகையில் வேற்றுமை இல்லை.

தந்தையார் பிழைத்துக்கொண்டார். ‘எஸ்’ இருந்த இரண்டில் ஒன்றை நரம்பின் வழியே ஏற்றினார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்தாகையால் நாள்தோறும் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மாசிமாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது நான் படித்ததையெல்லாம் அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே, “ஏண்டா, தீபாவளிக்கு வந்தியே, நீதான் அதைக் கொண்டாந்து எங்கிட்டே விட்டுட்டுப் போனியா?” என்றார்.

நானும் சிரித்தேன். இல்லை என்று மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை.