கட்டிங் டேபிள் மேல் ஒரு ரயில்

அந்த இன்ஜினுக்குப் புகைபோக்கி உண்டு, உருண்டையான கொதிகலன் உண்டு. பார்த்தவுடன் தாத்தா காலத்துக் கரிவண்டி என்றுதான் தோன்றும். ஆனால் உள்ளே ஒரு துண்டு கரி கிடையாது, ஓடுவது மின்சாரத்தில். குஜராத்தின் ஏக்தா நகருக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 2023 அக்டோபர் 31 அன்று பிரதமர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த பாரம்பரிய ரயிலின் இன்ஜின் அது. நீராவி வேடம் போட்ட இந்த மின்சார வண்டி பிறந்தது நம் ஊரில்தான். தெற்கு ரயில்வேயின் தமிழ்நாட்டுப் பணிமனைகளில் வேலை பார்த்தவர்கள் செய்து அனுப்பியது.

ஒரு வண்டியின் உயிரை எடுத்து இன்னொரு வண்டியின் உடம்புக்குள் வைக்கும் இந்த வேலையை மேசை மேல் சின்ன அளவில் செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மாடல் ரயில் கட்டுபவர்கள் என்று பெயர். கடையில் வாங்கிய ரயிலை அப்படியே ஓட்டிப் பார்ப்பதோடு இவர்களில் பலர் நிற்பதில்லை. ஒரு இன்ஜினின் மோட்டாரும் சக்கரமும், வேறொன்றின் கூடு, மூன்றாவதன் முகப்பு என்று அறுத்து ஒட்டி, எந்த நாட்டிலும் ஓடாத புது வண்டி ஒன்றைச் செய்வார்கள். அதற்குக் கிட்பேஷிங் என்று பெயர். திருப்பூர்க்காரருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பழைய தையல் மெஷினில் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டாரைப் பூட்டுகிற மெக்கானிக் நாள்தோறும் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான்.

முதலில் அளவு. பனியன் கம்பெனியில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று பேட்டர்ன் மாஸ்டர் அளவு பிரிப்பது போல, மாடல் ரயிலிலும் அளவுகளுக்குப் பெயர் உண்டு. உலகில் அதிகம் பேர் கட்டுவது ஹெச்.ஓ. என்ற அளவு. நிஜ வண்டியில் 87-இல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். அதைவிடச் சிறியது 9 மில்லிமீட்டர் தடத்தில் ஓடும் 'என்' (N) என்ற அளவு. இன்னும் சிறியது 220-இல் ஒரு பங்கான இசட். அதன் இன்ஜின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் பேட்டர்ன் மாஸ்டரின் கணக்கு வேறு. மீடியத்தை லார்ஜ் ஆக்கும்போது கழுத்து கொஞ்சம் கூடும், நெஞ்சு நிறையக் கூடும். ரயிலில் அந்தச் சலுகை இல்லை. எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும், ஜன்னல் கம்பி உட்பட.

இந்திய ரயிலைக் கட்ட நினைப்பவர் சறுக்கும் முதல் இடமும் இதுதான். ஹெச்.ஓ. தடத்தின் 16.5 மில்லிமீட்டர் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு வெட்டிய அளவு. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைகிறது. கேட்டால் அற்பமாக இருக்கும்; செய்து வைத்துப் பார்த்தால் ஈரோடு ஷெட்டின் இன்ஜின் குழந்தையின் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பது போலத் தெரியும். பெரும்பாலோர் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறார்கள். பிடிவாதக்காரர்கள் சிலர் தண்டவாளத்தையே கையால் போடுவார்கள். அவர்களுக்கு ஆயுசு கெட்டி என்று வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்த வேலை சீக்கிரம் முடியாது.

அடுத்த சிக்கல் இடம். எல்.ஹெச்.பி. பெட்டி ஒன்று 23 மீட்டருக்கு மேல் நீளம், ஹெச்.ஓ.வில் 27 சென்டிமீட்டர். 22 பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்றை இன்ஜினோடு சேர்த்துக் கட்டினால் 20 அடியைத் தாண்டும். சாதாரண வீட்டு ஹாலுக்குள் நிற்காது. அதனால் நான்கைந்து பெட்டியோடு நிறுத்திக்கொண்டு, எட்டுக்கு நான்கு பிளைவுட் ஒன்றில் வட்டம் போட்டு ஓட்டுவதுதான் தொடக்கக்காரர்களின் வழக்கம். முழு ரயிலும் வளையாமல் நிற்கக்கூடிய மேசை திருப்பூரில் வேறோர் இடத்தில் இருக்கிறது. துணியை அடுக்கடுக்காக விரித்து லே போடும் கட்டிங் டேபிள். ஞாயிற்றுக்கிழமை அது சும்மாதான் கிடக்கும்.

இந்த ஊரில் கைக்கெட்டும் பொருட்களை எண்ணிப் பார்த்தால் இந்தப் பொழுதுபோக்குக்கென்றே ஊரைக் கட்டியது போலிருக்கிறது. நூல் தீர்ந்த அட்டைக் கோன் புகைபோக்கியாகும், தண்ணீர்த் தொட்டியாகும். பாபின் கேபிள் உருளையாகி சரக்கு வேகனில் ஏறும். ஏற்றுமதி அட்டைப்பெட்டியை அடுக்கி ஒட்டினால் மலை. தண்டவாளம் எங்கே வளைய வேண்டும், பாயின்ட் எங்கே பிரிய வேண்டும் என்பதை முழு அளவில் அச்சடித்து விரிக்க, மார்க்கர் பேப்பர் அடிக்கும் பிளாட்டர் போல ஒரு வசதி வேறெங்கும் எளிதில் அமையாது. பெட்டிகளின் எண்ணுக்கும் எழுத்துக்கும் ஸ்டிக்கர் போடும் பிரின்டிங் யூனிட்கள் தெருவுக்குத் தெரு. ஊசியை மட்டும் கேட்கக் கூடாது. உடைந்த ஊசியின் ஒவ்வொரு துண்டையும் பதிவேட்டில் ஒட்டிக் கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனியில், கைப்பிடிக் கம்பி செய்ய ஊசி வேண்டும் என்று போய் நின்றால் சூப்பர்வைசர் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

ஓடும் விதம் எளிது. தண்டவாளங்கள் இரண்டிலும் 12 வோல்ட் நேர்மின்சாரம் பாய்கிறது; சக்கரங்கள் அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கின்றன. வோல்ட்டைக் கூட்டினால் வேகம், வயரை மாற்றினால் பின்னோட்டம். 1990-களில் பரவிய டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி எண் இருக்கும். அந்த எண்ணுக்கு வரும் கட்டளைக்கு மட்டும் அது அசையும், பக்கத்து இன்ஜின் சும்மா நிற்கும். மோட்டாரும் சக்கரமும் அடங்கிய அடித்தளம் ஒன்று நல்லதாகக் கிடைத்துவிட்டால் மேலே எந்தக் கூட்டை வைப்பது என்பது கட்டுபவர் இஷ்டம். வெளிநாட்டு இன்ஜின் விலையும் சுங்க வரியும் சேர்ந்து கையைச் சுடுவதால், இங்கே பலர் மலிவான உள்நாட்டு பொம்மை ரயிலை வாங்கி, அறுத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மாற்றிக்கொள்கிறார்கள். வெறும் சார்ட் அட்டையில் இன்ஜின் செய்யும் பள்ளி மாணவர்களின் வீடியோக்கள் யூடியூபில் நிறைய. அவற்றில் சிலவற்றின் நேர்த்தி, காசு கொட்டி வாங்கிய மாடலிலும் இருக்காது.

கூடு மாற்றும் விளையாட்டை நிஜ ரயில்வேக்களும் ஆடியிருக்கின்றன. வாரணாசியில் டீசல் இன்ஜின்கள் இரண்டைப் பிரித்து மின்சார இன்ஜினாக மாற்றி, ஜோடியாகக் கோத்து, 10,000 குதிரைத்திறன் என்று 2019 பிப்ரவரியில் ஓடவிட்டார்கள். இலங்கை ரயில்வே பஸ்கள் இரண்டின் முதுகை முதுகோடு சேர்த்து, ரயில் சக்கரம் பூட்டி, ரயில்பஸ் என்று ஓட்டியது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு டிரைவர் சீட் முன்னால் இருக்கும். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் 1931 முதல் ஓடிய 'காலப்பிங் கூஸ்' இன்னும் வேடிக்கை. வருமானம் வற்றிப்போன சிறு ரயில் கம்பெனி ஒன்று பியூக், பியர்ஸ் ஆரோ கார்களின் உடம்பை எடுத்துத் தண்டவாளத்தில் ஏற்றிய வண்டி அது. பாதி கார், பாதி சரக்குப் பெட்டி. பஞ்சம் பெற்ற பிள்ளை. இன்று மாடல் கட்டுபவர்களின் செல்லப்பிள்ளை.

முழுக்கக் கற்பனையாகவே தொடங்கியதும் உண்டு. இங்கிலாந்தின் 'பஞ்ச்' இதழில் ரோலண்ட் எமெட் என்ற கார்ட்டூன் ஓவியர் ஒல்லியும் கோணலுமான, நெட்டைப் புகைபோக்கி வைத்த ரயில்களை வரைந்துகொண்டிருந்தார். 1951-இல் லண்டன் பேட்டர்சீ பூங்காவில் நடந்த விழாவுக்காக அந்தக் காகித ரயில் நிஜமாகவே கட்டப்பட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. இன்ஜின் பெயர் நெல்லி. வெளியே ஆவி வண்டியின் அலங்காரம், உள்ளே டீசல். ஏக்தா நகர் ரயிலுக்கு ஒருவகையில் அக்கா முறை.

எமெட் வரையாமல் விட்ட ஒரு வண்டி நம் மேற்கு மலையிலேயே ஓடியிருக்கிறது. உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறுபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகம். அங்கே குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை கொண்டுபோக 1902-இல் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். பாரம் அந்த ஒரே தண்டவாளத்தில் இறங்கும். சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். இழுத்தது இன்ஜின் அல்ல, காளை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடிக் குறுகிய பாதையில் நீராவி ரயிலை விட்டார்கள். 1924-இன் பெருவெள்ளம் அதையும் அடித்துக்கொண்டு போயிற்று. அதே ஒற்றைத் தண்டவாள முறையில் பாட்டியாலா சமஸ்தானம் ஓட்டிய நீராவி இன்ஜின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பழுது பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. குண்டளையின் மாட்டு ரயிலை மாடலாக்க நினைப்பவருக்கு மோட்டாரை எங்கே ஒளிப்பது என்பதுதான் கேள்வி. பெரிய சக்கரத்துக்குள்ளா, மூட்டைக்குள்ளா, மாட்டின் வயிற்றுக்குள்ளா?

இந்தப் பைத்தியத்தை ஊரே பார்க்கும்படி வைத்தவர் புனேயின் பாவ் ஜோஷி. கோத்ரூட் பகுதியில் 1998 ஏப்ரல் 1 அன்று அவர் திறந்த மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு நகரமே மேசை மேல் இருக்கிறது. சிக்னல் விழுந்து ரயில்கள் ஓடும், விளக்குகள் எரியும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிரவுன் சகோதரர்கள் 2001-இல் தொடங்கிய மினியேட்டூர் வுண்டர்லாண்டு இதற்கெல்லாம் பெரியண்ணன். உலகிலேயே மிகப் பெரிய மாடல் ரயில் அமைப்பு என்று பெயர் எடுத்தது. போய்வரப் பணமிருந்தால் ஹாம்பர்க். இல்லையென்றால் சென்னை ஐ.சி.எஃப். அருகே 2002-இல் திறந்த மண்டல ரயில் அருங்காட்சியகம். அங்கே நிஜ நீராவி இன்ஜின்களைச் சுற்றிவந்து ஆணி எண்ணலாம்.

திருப்பூர்க்காரர் சென்னை வரை போவானேன் என்றும் கேட்கலாம். பக்கத்தில் மேட்டுப்பாளையம் இருக்கிறது. நீலகிரி மலை ரயில் மீட்டர்கேஜ், ஹெச்.ஓ. அளவில் 12 மில்லிமீட்டர் தடத்தில் கச்சிதமாக உட்காரும். அகலப்பாதையின் செருப்புச் சிக்கல் இங்கே கிடையாது. சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக இந்த 12 மில்லிமீட்டர் தடத்தை பெமோ என்ற கம்பெனி பல ஆண்டுகளாக விற்கிறது, பல்சக்கர வண்டிகளும் சேர்த்து. பொருத்தம் தற்செயலல்ல, நம் மலை இன்ஜின்களும் 1914 முதல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்தவையே. கரியில் ஓடிய அவற்றில் சிலவற்றை எண்ணெய்க்கு மாற்றினார்கள். பிறகு 2011 தொடங்கி திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வடிவத்தில் புது நீராவி இன்ஜின்களையே செய்து கொடுத்தது.

மாடல் கட்டுபவருக்கு அந்த இன்ஜின் ஒரு பரீட்சை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள், ஒன்றின் மேல் ஒன்று. கல்லாறு வரை சமதளத்தில் கீழ் ஜோடி மட்டும் வேலை செய்து சாதாரண சக்கரங்களைத் திருப்பும். கல்லாறு தாண்டி 12 அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தில், கீழ் ஜோடி கழித்துவிட்ட ஆவியையே மேல் ஜோடி வாங்கி, நடுவே கிடக்கும் பல்தண்டவாளத்தில் பற்சக்கரத்தைச் சுழற்றும். மேலே ஒரு தண்டும் கீழே ஒரு தண்டும் ஆடுவதைச் சின்ன அளவில் செய்துவிட்டவர் அதற்குப் பிறகு எதற்கும் பயப்பட மாட்டார். புதிதாகக் கட்டுபவர்கள் மறக்கிற இன்னொன்று: மேலேறும்போது இன்ஜின் முன்னால் இருக்காது, பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்.

காலையில் மேட்டுப்பாளையத்தில் புறப்படும் வண்டி ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள், குரங்குகளுக்குப் பயந்து பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செல்பி எடுப்பார்கள். கட்டுபவருக்கு அந்த நேரம் போதும். சட்டைப்பையில் இஞ்ச் டேப் இருந்தால் புகைபோக்கியின் சுற்றளவைத் தவிர மற்றதெல்லாம் அளந்துவிடலாம். புகைபோக்கி மட்டும் சுடும்.