கொம்பு இடம் மாறிய வெண்டைக்காய்

கேலாங் லோரோங் ஒன்றில் வசிக்கும் என் சித்தி, தெரிந்த குடும்பங்களுக்கு அடுக்குக் கேரியரில் சாப்பாடு தருகிறார். நானும் வாங்குகிறேன். யாருக்கு எத்தனை நாள், யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதி அலுத்துப்போனவருக்காகத் தம்பி, அவர் மகன், ஒரு செயலி எழுதத் தொடங்கினான். ஹாஸ்கெல் என்ற சார்பு நிரல்மொழியில்.

கணக்குப் பகுதி இரண்டே வார இறுதிகளில் முடிந்தது. இவ்வகை மொழிகளில் ஒருமுறை வைத்த மதிப்பு மாறாது. அதே எண்களைக் கொடுத்தால் எப்போதும் அதே விடைதான். பாக்கிக் கணக்குக்கு வேறென்ன வேண்டும்? ஆனால், அதற்கொரு திரை அமைக்க நான்கு மாதம் ஆயிற்று.

அழுத்தினால் மாறுவதும் எழுத எழுத நிறைவதும்தான் திரை. மாறாமையை நம்பும் மொழிக்கு அங்கேயே இடிக்கிறது. போதாததற்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் தத்தம் வழியில் சன்னல் வரைகின்றன. மூன்றுக்கும் பொதுவான ஜிடிகே, கியூட்டி கருவித்தொகுப்புகள் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டவை. ஹாஸ்கெல்லிலிருந்து அவற்றை அழைக்க நடுவில் ஓர் இணைப்பு நிரல் வேண்டும். அதைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே பராமரிக்கிறார்கள். தம்பியின் மேக்கில் ஓடிய செயலியைச் சித்தியின் பழைய விண்டோஸ் மடிக்கணினியில் நிறுவவே முடியவில்லை.

ராக்கெட் என்ற சார்பு மொழியின் குழுவினர், சி++ மொழியில் இருந்த தங்கள் திரை அடுக்கை ராக்கெட்டிலேயே திரும்ப எழுதினார்கள். வேலைக்குப் போய்வந்து இரவில் உட்காரும் ஒருவனால் ஆகிற காரியமா அது?

அடுத்து, எழுத்து உட்பட எல்லாவற்றையும் தானே வரையும் சிறு நூலகம் ஒன்றைப் பிடித்தான். எல்லாக் கணினியிலும் ஒரே தோற்றம். ஆங்கிலம் அழகாக வந்தது. ‘வெண்டைக்காய்’ மட்டும் குழம்பியது. கணினியின் நினைவில் ‘வ’ முதலில், கொம்பு பிறகு. வரையும்போது கொம்பை முன்னால் நகர்த்த வேண்டும். அந்த நூலகத்துக்கு அது தெரியாது. கொம்பு ‘ண்’ பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

“இது எந்த ஊர்த் தமிழ்ப்பா?” என்றார் சித்தி. வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு, கொம்பும் காலும் இவ்வளவு தொல்லை தரும் என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் கணக்கை ஹாஸ்கெல்லிலேயே விட்டுவிட்டுத் திரையை உலாவிக்கு மாற்றினான். எழுத்தைக் கோக்கும் வேலையை உலாவி பார்த்துக்கொள்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் சார்பு நிரலாக்கம் பயிலும் ‘சோர்ஸ் அகாடமி’யும் உலாவியில்தான் இயங்குகிறது, அங்கும் முன்பிருந்த ஸ்கீம் மொழியின் இடத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் வந்துவிட்டது. தம்பிக்கு இது பாதித் தோல்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சென்ற ஞாயிறு சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைத் தானே படித்தார், வெண்டைக்காய் உட்பட. பாக்கி வைத்திருப்போரில் மூன்றாவது பெயர் என்னுடையது.