மேடையில் பிறக்கும் பாட்டு

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் உள்ள ஷண்முகானந்தா மண்டபத்தை நம் அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1963-இல் திறக்கப்பட்டு, 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்த அம்மண்டபத்தில் கர்நாடக சங்கீதக் கச்சேரிகள் பல கேட்டிருக்கிறோம். ஆயினும், பழைய திரைப்பாடல்களை முழு வாத்திய கோஷ்டியுடன் நேரில் கேட்கும் வாய்ப்பு அண்மையில்தான் கிட்டியது. குடும்ப சகிதம் சென்றோம். டிக்கெட் விலையைப் பற்றி இல்லத்தரசியிடம் நாம் கூறியது பாதி உண்மையே!

திரை விலகியதும் நாற்பதுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்களைக் கண்டோம். பிடில் வாசிப்போர் மட்டும் மூன்று வரிசை. அத்தனை வில்களும் ஒருங்கே எழுந்து தாழ்ந்தபோது, காற்றில் சாயும் நாற்றுவயல் நினைவுக்கு வந்தது. 1964-இல் வெளிவந்த ‘புதிய பறவை’யில், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில், டி. எம். சௌந்தரராஜன் நிம்மதியைத் தேடிப் பாடிய அந்தப் பாட்டுதான் முதலில். எண்ணற்ற முறை கேட்ட பாட்டு. ஆனால், குரலுக்குப் பின்னால் இத்தனை கைகள் உழைத்தன என்பதை அன்றுதான் உணர்ந்தோம். இரட்டையருள் ராமமூர்த்தி தேர்ந்த பிடில் வித்துவான் என்பது நினைவிருக்கலாம்.

அக்காலத்துப் பாடல் பதிவில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே வேளையில் சேர்ந்து இசைப்பார்கள். ஒருவர் பிசகினாலும் அனைவரும் மறுபடி தொடங்க வேண்டும். இப்போதோ ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரிலிருந்துகூட வாசித்தனுப்பலாம், பின்னர் இணைத்துக்கொள்வார்கள். ஆகவே அந்தப் பழைய பாட்டுகள் நம் வீட்டு வானொலியை அடையுமுன் நேர்க் கச்சேரிகளாகவே நிகழ்ந்தவை.

“அப்பா, அந்த அக்கா ஏன் சும்மாவே உக்காந்திருக்காங்க?” என்று எம் மகள் கேட்டாள். புல்லாங்குழல் வாசிக்கும் பெண்மணியைத்தான் சுட்டினாள். அவர் சும்மா இருக்கவில்லை. மடியில் விரல்விட்டுத் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பல்லவி முடிந்து, அனுபல்லவி முடிந்து, குழலை எடுத்தார். சில ஸ்வரங்கள், அவ்வளவே. மீண்டும் எண்ணத் தொடங்கினார். பாடகரைவிட அவரையே நாம் அதிகம் பார்த்தோம்.

இடையில் ஒரு பாடகர் சரணத்தைத் தொடங்கத் தவறிவிட்டார். கோஷ்டியை நடத்துபவர் இடக்கையைச் சற்றே உயர்த்தினார். பிடில்கள் முந்தைய இசைத்துண்டை இன்னொரு முறை வாசித்தன. பாடகர் சிரித்தபடி சேர்ந்துகொண்டார். கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தோருள் பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

எமக்கோ நம் சங்கத்தின் ஆண்டு விழா நினைவுக்கு வந்தது. செலவைக் குறைக்க வேண்டி, பதிவு செய்த ‘டிராக்’ இசைக்குப் பாடகரை மட்டும் பாடவைத்தோம். அத்தீர்மானத்தில் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர். அன்றும் பாடகர் ஒரு சரணத்தைத் தவறவிட்டார். ‘டிராக்’ நிற்கவில்லை; அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. சபையோர் சிரித்தனர். அந்தப் பையனின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

வரும் விழாவுக்கு ஒரு பிடில், ஒரு புல்லாங்குழல், ஒரு தபேலா, ஒரு கீபோர்டு போதும். முப்பது பாட்டுக்குப் பதில் பன்னிரண்டே பாடலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பொருளாளர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.