எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட?

சொல்லும் சமயமும் – 14

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் தங்கள் விசுவாச மந்திரத்தைக் கொஞ்ச காலம் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தப்பு அவர்களுடையது இல்லை. 1542 மே மாதம் கோவாவில் கரையிறங்கிய பிரான்சிஸ் சேவியர், அந்த வருடக் கடைசியில் நம் தென்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த சிலரை உட்காரவைத்து மந்திரங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் பண்ணினார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருவழியே போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு தம் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் வருகிறது. ‘எனக்கு வேணும்’ என்று இருக்கும் இடத்தில் இனி ‘விசுவாசம்’ என்ற சொல்லைப் போடச் சொல்கிறார். ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்றாகிவிடுகிறதாம்.

ஆக, கடவுளை நம்புகிறேன் என்று சொல்வதாக எண்ணிக்கொண்டு, மணலில் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டம் கடவுள் வேணும் என்று சொல்லியிருக்கிறது. முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது வருவதில்லை. சேவியர் திருத்தியது சரிதான். விருப்பம் வேறு, விசுவாசம் வேறு. ஆனாலும் விசுவாசம் என்ற சொல்லைத் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே வேணும் என்று கேட்ட அந்த வாய்கள்மேல் எனக்கு ஒரு பிரியம்.

சென்ற வாரம் ‘வேதம்’ என்ற சொல் கிறிஸ்தவர் கைக்கு வந்த கதையைப் பார்த்தோம். இந்த வாரம் அதைவிடச் சிக்கலானது. கிறிஸ்தவர்கள் சொல்லும் கடவுளைத் தமிழில் என்ன பெயர் சொல்லி அழைப்பது? நானூறு வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்கு விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1578-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கச் சிறுநூலுக்கு, சேவியருக்குப் பின் அதே கரைக்கு வந்த அன்ட்ரிக் அடிகளார் வைத்த பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தம்பிரான் என்பது சைவர்கள் சிவனைச் சொன்ன சொல். சுந்தரருக்கே ‘தம்பிரான் தோழர்’ என்று பெயர் உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்து காவி கட்டிக்கொண்ட இராபர்ட் தெ நொபிலியின் எழுத்தில் நிலைபெற்ற சொல் ‘சர்வேசுரன்’. எல்லாவற்றுக்கும் ஈசன் என்று பொருள். இதிலும் ஈசுவரன் இருக்கிறார். ஆனால் ‘சர்வ’ என்ற முன்னொட்டு, இவருக்கு மேலேயும் பக்கத்திலேயும் ஆள் கிடையாது என்று சொல்லிவிடுகிறது. கத்தோலிக்கத் தமிழர்கள் முந்நூறு வருடத்துக்கு மேல் இந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுதார்கள், சிரித்தார்கள். சாமியாரைக் கண்டால் ‘சர்வேசுரனுக்குத் தோத்திரம்’ என்று கைகூப்பினார்கள்.

1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவும், கத்தோலிக்கரோடு அவருக்கு எத்தனையோ சண்டை இருந்தும், 1715-இல் அச்சு முடிந்த தம் புதிய ஏற்பாட்டில் இதே சர்வேசுரனைத்தான் வைத்துக்கொண்டார். அவர் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதி 1713-இல் ஜெர்மனிக்கு அனுப்பினார். இந்த மக்கள் இயற்கை அறிவினாலேயே பராபரவஸ்து என்ற ஒரே பரம்பொருளை அறிந்திருக்கிறார்கள் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. அங்கே ஹாலே நகரில் இருந்த மிஷன் பெரியவர்களுக்கு இது ரசிக்கவில்லை. நூல் தூங்கியது. அச்சில் வந்தது 1867-இல், நம் சென்னையில்!

அவருக்குப் பின்னால் வேப்பேரியில் உட்கார்ந்து வேதாகமம் முழுவதையும் மறுபடி மொழிபெயர்த்த பப்ரிசியஸ், அந்தப் பரம்பொருளின் பெயரையே எடுத்துக்கொண்டு ‘பராபரன்’ என்று எழுதினார். தாயுமானவர் பராபரக்கண்ணி பாடிய அதே நூற்றாண்டு. பப்ரிசியஸ் முழங்காலில் நின்றே மொழிபெயர்த்தார் என்று லுத்தரன் குடும்பங்களில் சொல்வார்கள். பின்னால் வந்த மிஷனரி இரேனியஸ் அந்த மொழிபெயர்ப்பைத் திருத்தப் புறப்பட்டபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கொதித்துப்போய் எதிர்த்தார். ஜெபத்தில் பழகிய சொல்லை மாற்றுவது என்றால், வீட்டுப் பெரியவரின் பெயரை மாற்றுவது போலத்தான்.

கடைசியில் 1871-இல் போவர் தலைமையிலான மொழிபெயர்ப்பு வந்தது. இன்று தமிழ் புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான். அதில் பராபரன் போய் ‘தேவன்’ வந்தார். எனக்கு இந்தச் சொல்மேல் அவ்வளவு திருப்தி இல்லை. தேவன் என்றால் பன்மையில் தேவர்கள் உண்டு, பெண்பாலில் தேவி உண்டு. தென் மாவட்டத்தில் அது ஒரு சாதிப் பட்டமும்கூட. ஒருவரே, இன்னொருவர் இல்லை என்று அடித்துச் சொல்ல வந்த மார்க்கத்துக்கு இதுவா பெயர்? ஆனால் சபையில் ஒரு சொல் ஒன்றரை நூற்றாண்டு புழங்கிவிட்டால் அதன் பழைய வாசனை போய்விடும். கன்வென்ஷன் பந்தலில் ‘தேவன்’ என்று கேட்பவர் யாருக்கும் இந்திரன் ஞாபகம் வருவதில்லை.

1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘கடவுள்’ என்றது. கடந்தும் உள்ளும் இருப்பவர் என்று பிரசங்கியார்கள் அதைப் பிரித்துக் காட்டுவார்கள். சொற்பிறப்பாக அது நிற்குமா என்பது வேறு விஷயம். கேட்க நன்றாக இருக்கிறது.

வெளிநாட்டுப் பாதிரிமார் தமிழ் தெரியாமல் தடுமாறிய கதை என்று இதையெல்லாம் ஒதுக்கிவிட முடியாது. வேதாகமத்துக்குள்ளேயே இந்தத் தடுமாற்றம் இருக்கிறது. எரிகிற முட்செடிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மோசே, உம்முடைய பெயர் என்னவென்று ஜனங்கள் கேட்டால் நான் என்ன சொல்ல என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. கிடைத்த பதிலோ ‘இரு’ என்ற வினையிலிருந்து பிறந்த ஒரு புதிர். நான் இருக்கிறவராக இருக்கிறேன் என்றும் கொள்ளலாம், எப்படி இருப்பேனோ அப்படி இருப்பேன் என்றும் கொள்ளலாம். எபிரேய மொழியில் நான்கு மெய்யெழுத்தாக எழுதப்படும் அந்தப் பெயரை யூதர்கள் வாயால் சொல்வதையே விட்டுவிட்டார்கள். அது வருகிற இடத்தில் ‘அதோனாய்’, அதாவது என் ஆண்டவர், என்று வாசித்தார்கள். கிரேக்கத்தில் அது ‘கூரியோஸ்’ ஆயிற்று. தமிழில் புராட்டஸ்டண்டுகளுக்குக் ‘கர்த்தர்’, கத்தோலிக்கருக்கு ‘ஆண்டவர்’. கர்த்தர் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்கிறவர்கள், சொல்லக் கூசிய ஒரு பெயரின் இடத்தில் நிற்கும் சொல்லையே சொல்கிறார்கள்.

பெயருக்குப் பதிலாக அங்கே மோசேக்குக் கிடைத்தது ஒரு வரலாறு. நான் ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள். என் ஜனத்தின் கூக்குரல் காதில் விழுந்தது, இறங்கி வந்தேன். ஊர்ப்பக்கம் ஒருவரை அடையாளம் சொல்வதும் இப்படித்தானே? பெயரைவிட, யாருக்கு என்ன செய்தவர் என்பதுதான் முன்னால் வரும். கிறிஸ்தவம் சொல்லும் கடவுளை அறிய முதல் வழி இதுதான். அவர் இன்னார் என்று இலக்கணம் எழுதிப் பிடிக்க முடியாது. அடிமைகளை மீட்டவர், வாக்குக் கொடுத்தால் காப்பவர் என்று செய்கையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வழிதான் கிறிஸ்தவத்தை யூத மதத்திலிருந்தும் இஸ்லாத்திலிருந்தும் பிரிக்கிறது. கடவுளை ஒருவரும் கண்டதில்லை, மகன் வெளிப்படுத்தினார் என்று யோவான் தம் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார். பிதாவைக் காட்டும், அது போதும் என்று பிலிப்பு என்ற சீடன் கேட்டபோது, இத்தனை நாள் என்னோடு இருந்தும் தெரியவில்லையா என்று இயேசு வருத்தப்பட்டுக் கேட்கிறார். அப்படியானால் இயேசு யார்? இதற்காக 325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி, மகன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று தீர்த்தார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லில் ஒரே ஒரு எழுத்தைக் கூட்டினால் ‘ஒத்த பொருளானவர்’ என்று அர்த்தம் மாறிவிடும். அந்த ஓர் எழுத்துக்காக ஆயர்கள் நாடு கடத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. நம் பராபரன், தேவன் சண்டையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

பிதா, சுதன், ஆவி என்ற மூவர், கடவுள் ஒருவர். இதைத் திரித்துவம் என்று புராட்டஸ்டண்டுகளும் மூவொரு கடவுள் என்று இன்றைய கத்தோலிக்கரும் சொல்கிறார்கள். எண் கணக்கில் அடங்காது என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள். பழைய கத்தோலிக்க மந்திரத்தில் பிதாவும் சுதனும் தமிழுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாமவர் மட்டும் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று போர்த்துக்கீசிலேயே நின்றார். ஆவி என்றால் பேய் என்று ஆகிவிடுமோ என்ற பயமாக இருந்திருக்கலாம். இருபதாம் நூற்றாண்டிலும் பாட்டிமார் அந்தப் பெயரைச் சொல்லியே நெற்றியில் சிலுவை போட்டார்கள். அர்த்தம் கேட்டால் தெரியாது, ஆள் யாரென்று தெரியும்.

இனி இலக்கணம் கொஞ்சம். ‘தேவன் சொன்னார்’ என்று வேதாகமம் எழுதுகிறது. தேவன் என்ற ஆண்பால் ஒருமைக்குச் ‘சொன்னான்’தானே பொருந்தும்? ஒருவரே என்பதற்காகப் பெயரில் ‘ன்’. மரியாதைக்காக வினையில் ‘ஆர்’. ஜெபத்தில் கிறிஸ்தவர்கள் நீ என்று சொல்வதில்லை, நீங்கள் என்றும் சொல்வதில்லை, ‘நீர்’ என்கிறார்கள். தேவாரக்காரர் உரிமையோடு நீ என்று கேட்டார். நெல்லைச் சீமையில் நீர் என்பது பழகிய மனிதரிடம் பேசும் சொல். மரியாதையும் இருக்கும், தள்ளியும் வைக்காது. நல்ல தேர்வு என்றே எனக்குப் படுகிறது.

நீருக்கும் அப்பால் ஒரு சொல் உண்டு. கெத்செமனே தோட்டத்தில், பிடிபட்ட அதே இரவில், இயேசு அழைத்ததாக மாற்கு எழுதி வைத்த சொல் ‘அப்பா’. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘அப்பா, பிதாவே’ என்று இருக்கும். படிப்பவர்கள் இரண்டுமே தமிழ் என்று நினைத்துக்கொள்வார்கள். முதலாவது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். சுவிசேஷம் கிரேக்கத்தில் எழுதப்பட்டபோதும் அந்த ஒரு சொல்லை மாற்ற மனமில்லாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பவுலும் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் அதை அப்படியே வைத்தார். அரமேயத்துக்கும் தமிழுக்கும் உறவு இருக்கிறது என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள். இல்லை, ஒலி ஒத்துப்போன தற்செயல்தான். ஆனால் பெந்தெகொஸ்தே கூட்டத்தில் கண்ணை மூடி ‘அப்பா, அப்பா’ என்று ஒரு கூலித் தொழிலாளி அழும்போது, மொழிபெயர்ப்பே தேவைப்படாத ஒரு சொல் அவர் வாயில் இருக்கிறது.

அப்பா என்று கூப்பிட்டுவிட்டால் அறிந்தாயிற்றா? எபிரேயத்தில் ‘யாதா’ என்றால் அறிவது. ஆதாம் ஏவாளை அறிந்தான் என்று வேதாகமம் சொல்லும்போது வருவதும் அதே வினைதான். தகவல் தெரிந்துகொள்ளும் அறிவு இல்லை அது. கூட வாழ்ந்து அறிவது. பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்து, பின்னால் கோயம்புத்தூர் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கி 1927-இல் ஒரு நூல் எழுதினார். கடவுளோடு ஒன்றாவது என்றால் உப்பு தண்ணீரில் கரைவது போல இல்லை, அன்பில் நிலைத்திருப்பது என்று யோவானை அவர் வாசித்தார். ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் படித்த கண்ணால் வாசித்த வாசிப்பு அது.

என்னை நிறுத்திவைத்த இடம் எரேமியாவில் இருக்கிறது. யோயாக்கீம் என்ற ராஜா கேதுரு மரம் இழைத்து, சிவப்புச் சாயம் பூசி அரண்மனை கட்டுகிறான்; வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. தீர்க்கதரிசி அவன் முகத்துக்கு நேரே அவன் தகப்பன் யோசியாவை நினைவுபடுத்துகிறார். அவரும் சாப்பிட்டார், குடித்தார், ஆனால் ஏழையின் வழக்கை நியாயமாக விசாரித்தார். அப்புறம் கடவுளின் வாயாக ஒரு கேள்வி: என்னை அறிவது என்றால் அதுதானே? தியானம், தரிசனம், தத்துவம் எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. கூலிக் கணக்கு இருக்கிறது. கண்ட சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை எப்படி நேசிப்பான் என்று யோவானின் நிருபம் கேட்பதும் இதே கணக்கின் மறுபக்கம்தான். பெயர் விஷயத்தில் இத்தனை கறாராக இருந்த சபைகள் இந்தக் கேள்வியில் அவ்வளவு கறாராக இருந்ததில்லை. சாதிக்கொரு வரிசை போட்டு உட்காரவைத்த கோயில்களும், சாதிக்கொரு பகுதி பிரித்த கல்லறைத் தோட்டங்களும் நம் ஊரிலேயே இருந்திருக்கின்றன. உள்ளே சர்வேசுரன் என்று சொன்னார்களா, தேவன் என்று சொன்னார்களா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய செபப் புத்தகமோ ஞானோபதேசமோ இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் கடவுளுக்கு என்ன பெயர் அச்சாகியிருக்கிறது, வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள் என்று ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

(தொடரும்)