காடும் ஊரும்: கனடாவில் ஒரு விடுமுறைச் செலவு

பிறநாடு காணுதல் கல்வியின் ஓர் உறுப்பு என்பது அறிஞர் கொள்கை. ஏட்டிலே படித்த மலையும் ஆறும் நகரமும் கண்முன் தோன்றும்போது ஐயம் நீங்கித் தெளிவு பிறக்கின்றது. ஆயினும் காண்பதெல்லாம் அறிவாகிவிடாது. கண் கண்டதை உள்ளம் உசாவுதலும் வேண்டும். ஓர் ஓகஸ்ட் விடுமுறையிலே மூன்று வாரம் கனடா தேசத்தைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கொடிகாமத்திலிருந்து சென்று றொறன்ரோவின் ஸ்காபுரோப் பகுதியிற் குடியேறிய எம் தமக்கையாரின் அழைப்பே அதற்குக் காரணம். அங்கு கண்ட அனைத்தையும் விரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. காடு என்பது யாது, ஊர் என்பது யாது என்னும் வினாவை எம்முள் எழுப்பியவற்றை மாத்திரம் ஈண்டு எடுத்துரைப்போம்.

கனடாவின் பரப்பு ஏறக்குறைய 99 இலட்சத்து 85 ஆயிரம் சதுர கிலோமீற்றர். 65,610 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள எமது இலங்கையைப் போல் நூற்றைம்பது நாடுகளை அதனுள் அடக்கலாம். றொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குச் செல்லும் புகையிரதம் 4,466 கிலோமீற்றர் தூரத்தை நான்கு இரவுகளிற் கடக்கின்றது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உள்ள தூரம் அதிற் பதினொன்றில் ஒரு பங்கேயாம். இத்துணைப் பெரிய நாட்டில் வாழ்வோர் ஏறக்குறைய நான்கு கோடியினரே. அவருள்ளும் மூன்றில் இரு பங்கினர் தென்னெல்லையை ஒட்டிய நூறு கிலோமீற்றர் அகல நிலத்துள் நெருங்கி வாழ்கின்றனர். ஆகவே பிரயாணிக்குக் கனடா இருவேறு நாடுகளாகத் தோன்றும்: தெற்கே நகரம், வடக்கே ஆளற்ற காடு. பிரயாணிகளுக்கு வழங்கப்படும் துண்டுப் பிரசுரங்களும் அவ்வாறே கூறுகின்றன.

முதலிற் காட்டைக் காண்போம். றொறன்ரோவிலிருந்து வடக்கு நோக்கி மோட்டார் வண்டியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் சென்றால் அல்கொங்குயின் பூங்கா வரும். 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இப்பூங்கா 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் ஏழு மடங்கு பெரிது. ஆறில்லாக் குடாநாட்டிற் பிறந்து, துலா மிதித்து நீரிறைத்த பாட்டனார் கதை கேட்டு வளர்ந்த எம்மை அங்கு வியப்பில் ஆழ்த்தியது நீரே. திரும்பிய திசையெல்லாம் ஏரி. ஏரிக்கு அப்பாலும் ஏரி.

இதற்குக் காரணம் என்ன? எமது குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அக்கல் துளைகளும் வெடிப்புகளும் உடையது. மாரிமழை அதனூடு இறங்கி, நிலத்தடியிலே உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. ஆதலால் எமது செல்வம் கிணற்றுக்குள் மறைந்து கிடக்கின்றது. அல்கொங்குயினோ கனேடியப் பரிசை நிலத்தின் ஒரு பகுதி. பரிசையாவது கேடயம், கேடயம் போல் அகன்று கிடக்கும் அந்நிலம் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய வன்பாறை. அப்பாறை நீரை எளிதில் உட்கொள்ளாது. பனிக்கட்டிக் காலத்திலே பெருந்தடிப்புடைய பனிக்கட்டிப் படலம் அதன்மேல் நகர்ந்து, மேல்மண்ணை வழித்து, பாறையிற் பள்ளங்களைக் குடைந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்படலம் உருகிப் பின்வாங்கியபோது பள்ளங்களெல்லாம் ஏரிகளாயின. வன்னியின் பெரும்பகுதியும் வன்பாறை நிலமே. ஆனால் அங்கு தாழ்நிலத்தை மறித்து அணைகட்டிக் குளமாக்கியோர் மனிதர். வன்னிக் குளம் மனிதர் கை செய்தது. அல்கொங்குயின் ஏரி பனிக்கட்டி செய்தது. இவ்வேறுபாட்டை மாணவர் மனங்கொள்ளுதல் நன்று.

தோணியில் ஓர் ஏரியைக் கடந்து, பின் அத்தோணியைத் தோளிலே சுமந்து காட்டுவழி நடந்து, அடுத்த ஏரியிலே மீண்டும் இறக்கிச் செல்லுதல் அங்கு வழக்கம். யாமும் ஒருநாள் அவ்வாறு சென்றோம். மாலையில் ஏரிக்கரையில் இருந்தபோது லூன் என்னும் நீர்ப்பறவையின் நெடுங்குரலன்றி வேறோசை இல்லை. “மனிதர் கால்படாத காடு!” என யாம் வியந்து கூறினோம். றொறன்ரோவிற் பிறந்து அங்கேயே கல்வி பயிலும் எம் மருமகன் அதனைக் கேட்டு, “மாமா, இஞ்ச ஆக்கள் இருந்தவை, இப்பவும் இருக்கினம்” என்றான்.

அவன் கூறியது முழுவதும் உண்மை. பூங்காவின் பெயரே சான்று. அல்கொங்குயின் என்பது மரத்தின் பெயருமன்று, மலையின் பெயருமன்று; ஒட்டாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் ஒரு மக்களினத்தின் பெயர். பூர்ச்சமரப் பட்டையால் இலேசான தோணி சமைத்து, ஏரிக்கு ஏரி சுமந்து சென்றோர் அவர்தம் முன்னோர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானியாவின் தேவைக்காக அங்கு வெள்ளைப் பைன் மரங்கள் பெருவாரியாகத் தறிக்கப்பட்டன. ஆறுகளின் தலைநீரையும் வனவிலங்குகளையும் காக்கும் பொருட்டுப் பூங்கா அமைக்கப்பட்டபோது வேட்டை தடுக்கப்பட்டது, மரந்தறித்தலோ தொடர்ந்தது, வரையறுக்கப்பட்ட பகுதிகளில் இன்றும் நடைபெறுகின்றது. தம் பழைய நிலத்திலே வேட்டையாடிய அல்கொங்குயின் மக்கள் குற்றம் புரிந்தவராகக் கருதப்பட்டனர். பூங்காவின் தென்கிழக்கே, கோல்டன் ஏரிக்கரையில், பிக்வாக்கனகன் என்னும் அவர்களது குடியிருப்பு இன்றும் உளது. தம் நிலவுரிமை பற்றி அவர்கள் தலைமுறை தலைமுறையாக விடுத்த கோரிக்கைகளின் பயனாக, 2016ஆம் ஆண்டிலே கொள்கையளவிலான உடன்பாடு ஒன்று கைச்சாத்தாயிற்று.

இனி நகரங்களைக் காண்போம். 1535ஆம் ஆண்டிலே ஜாக் கார்த்தியே என்னும் பிரெஞ்சு மாலுமிக்குச் சென் லோறன்ஸ் ஆற்றில் வழிகாட்டிய சுதேச இளைஞர் இருவர், ஸ்ரடக்கோனா என்னும் குடியிருப்பைக் குறித்துக் ‘கனற்றா’ என்றனர். அவர் மொழியில் அதற்கு ஊர் என்பதே பொருள். அச்சொல்லே பின்னர் ஒரு பெரு நாட்டின் பெயராயிற்று. கொடிகாமம், வலிகாமம் முதலிய பெயர்களின் ஈற்றில் நிற்கும் காமம் என்பதும் கிராமம் என்னும் சொல்லின் திரிபு என்பர் ஊர்ப்பெயர் ஆய்வாளர். எனின், கொடிகாமத்திலிருந்து கனடாவுக்குச் சென்றோர் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கே சென்றவராவர்! கார்த்தியே அதே ஆண்டிற் கண்ட ஒஷலாகா என்னும் ஊர் இருந்த தீவிலேயே இன்று மொன்றியல் மாநகரம் விளங்குகின்றது. எழுபது ஆண்டுகளுக்குள் சம்பிளேன் என்பார் அவ்வழி வந்தபோது ஸ்ரடக்கோனாவும் இல்லை, ஒஷலாகாவும் இல்லை. தலைநகராகிய ஒட்டாவாவும் ஒடாவா என்னும் மக்களின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

றொறன்ரோ என்னும் பெயரின் கதை இன்னும் சுவையானது. நீரிலே மரங்கள் நிற்குமிடம் என்னும் பொருளுடைய மோஹாக் மொழிச் சொல்லிலிருந்து அது பிறந்ததென்பர். அப்பெயர் முதலிற் குறித்தது இன்றைய நகரத்தையன்று. அதற்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் வடக்கே, சிம்கோ ஏரியின் ஒடுங்கிய வாயிலையே குறித்தது. அங்கு 4,500 ஆண்டுகளுக்கு மேலாக, மீனை மறித்துப் பிடிப்பதற்காக நீரிலே கம்புகளை நிரை நிரையாக நாட்டி வைத்திருந்தனர். யாழ்ப்பாணக் கடனீரேரியிலே சிறகுவலைக் கம்புகள் நிற்கும் காட்சியை அறிந்தவர்க்கு இப்பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அப்பெயர் பழைய நடைபாதை வழியே தெற்கு நோக்கி வந்து, 1834இல் நகரத்தின் பெயராயிற்று.

மேற்கே றொக்கி மலைத்தொடர் வரை செல்ல எமது கைப்பொருள் இடந்தரவில்லை. ஆயினும் அதன் வரலாறும் இவ்வகையினதே. சீனத் தொழிலாளர் பல்லாயிரவரின் உழைப்பையும் கொண்டு கண்டத்தைக் கடந்த புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இணைக்கப்பட்டது. பான்வ் வெந்நீரூற்றுகள் அரசினாற் பாதுகாக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. உல்லாசப் பிரயாணிகள் புகையிரதத்தில் வந்திறங்க, அம்மலைகளிலே வேட்டையாடி வந்த ஸ்ரோனி நக்கோடா மக்கள் விலக்கப்பட்டனர்.

இவற்றையெல்லாம் சிந்தித்த இரவு எமது உள்ளம் கொடிகாமத்திலேயே இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வந்தபோது, தென்மராட்சியின் வீடுகளும் பாடசாலைகளும் மரநிழல்களும் அவர்களை ஏற்றன. 2000ஆம் ஆண்டிலே போர் எம்மையே சூழ, யாமும் ஊரைவிட்டு நீங்கினோம். 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை உண்டானபின் திரும்பி வந்தபோது எமது முற்றத்தை எம்மால் அடையாளங்காண முடியவில்லை. நாயுண்ணியும் பற்றையும் வாசற்படி வரை வளர்ந்திருந்தன. கிணறு இருந்த இடத்தை அன்னையார் மாமரத்தைக் கொண்டு கணித்துக் காட்டினார். அயல்நாட்டுப் பிரயாணி ஒருவர் அன்று அவ்வழி வந்திருப்பாரேல், “எத்துணை அழகிய காடு!” எனப் புகைப்படம் எடுத்திருப்பார். அது காடன்று, எமது வளவு. இவ்வாறு பட்டறிந்த யாமே அல்கொங்குயின் ஏரிக்கரையில் அப்பிரயாணியைப் போல் உரைத்தோம் என்பதை எண்ணி நாணினோம்.

பழந்தமிழர் நிலத்தைப் பகுத்த முறையை இவ்விடத்தில் நினைத்தல் பொருந்தும். முல்லை காடாயினும் ஆயர் வாழும் காடு. குறிஞ்சி மலையாயினும் குறவர் வாழும் மலை. ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வமும் உணவும் தொழிலும் பறையும் யாழும் உரியவாகக் கூறினார் தொல்காப்பியர். மனிதரை விலக்கிய வெறுங்காடு என ஒரு திணை அவர் வகுக்கவில்லை. பாலையும் தனி நிலமன்று. வெம்மையால் வளங்கெட்ட காடும் மலையுமே பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கருத்து. ஓரிடம் ஆளற்றுக் கிடப்பதைக் காணின், அது அவ்வாறாயினமைக்கு ஒரு காரணம் உண்டா என வினவுதல் நம் மரபுக்கு ஒத்ததேயாகும்.

இவ்வாறு கூறுதல் கனடாவைப் பழித்தலன்று. 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள், அத்திலாந்திக் கடலிலே இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கண்டு காப்பாற்றியோர் நியூபவுண்லாந்து மீனவர். ஊரிழந்த எம்மவர் பல்லாயிரவருக்கு ஊர் கொடுத்த நாடு அது. ஊர் கொடுத்த அந்நாடே முன்னொரு காலத்திற் பிறர் ஊரை எடுத்ததுமாம். அவ்வுண்மையை அந்நாட்டாரும் மறைத்தாரல்லர். 2021 முதல் ஆண்டுதோறும் செப்டெம்பர் 30ஆம் நாளை அதனை நினைவுகூரும் நாளாகக் கொண்டுள்ளனர். நன்றி மறவாமையும் உண்மை மறவாமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எமது மாணவருட் பலர் நாளை அந்நாட்டுக்கும் வேறு நாடுகளுக்கும் செல்வர். ஏரியின் அழகையும் நகரத்தின் உயர்ந்த மாடங்களையும் அவர்கள் கண்டு களிக்கட்டும். அத்துடன், எங்கு சென்றாலும் நம்மவர் முதலிற் கேட்கும் ‘எந்த ஊர்?’ என்னும் கேள்வியை மனிதரிடம் மாத்திரமன்றி நிலத்திடமும் கேட்கப் பழகுவாராக. அவ்வாறு கேட்டறிபவர்க்கே பிரயாணம் கல்வியாகும் என்பது எமது துணிபு.